திருப்பி அனுப்பிய பதில்

ரவி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மாவை நீ பார்த்திருக்க மாட்டாய். நானும் பார்த்ததில்லை. நீ பத்திரிகை வைக்க உன் சித்தப்பாவோடு வேலூர் பக்கம் போயிருக்கிறாய், புதன்கிழமைதான் திரும்புவாய். அப்பா பந்தல்காரரைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போயிருக்கிறார். வீட்டில் நான் மட்டும்தான். நேற்றிலிருந்து நாலு தாள் எழுதிக் கிழித்தாயிற்று. வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் போன வாரம் இரண்டு முறை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "இன்னாம்மா?" என்று நீ கேட்டாய். "மோர் வேணுமாடா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். தண்ணீர் லாரிக்காரனிடம் தெருவே கேட்கப் பேசுகிற வாய், உன் எதிரில் அடைத்துக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலாவும் அவள் அம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள் அல்லவா, அன்றைக்கு நான் உள்ளே கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். உனக்குப் பார்த்திருக்கும் பெண் டீச்சர் ஆயிற்றே, கூச்சமில்லாமல் பேசுகிறாள், எனக்குப் பிடித்திருந்தது. "நீங்க புக்கெல்லாம் படிப்பீங்களா?" என்று உன்னைக் கேட்டாள். நீ சிரித்தாய். "காலேஜ் டைம்ல படிச்சேன். ஜப்பான் கதைங்கன்னா உயிரு. அவங்க பாஷைல எழுதினத இங்கிலீஷ்ல மாத்திப் போட்டிருப்பாங்க, அதத் தேடித் தேடிப் படிப்பேன். ஒருத்தருக்கு லெட்டர் கூட போட்டேன். பதிலே வரல. பெரிய மனுசங்க நம்மள மாரி ஆளுக்கெல்லாம் பதில் போடுவாங்களா? அத்தோட வுட்டுட்டேன்" என்றாய். எனக்குக் கரண்டி ஓடவில்லை. கேசரி அடிப்பிடித்தது. அதை நீ எல்லோர் எதிரிலும் கிண்டல் செய்தாய்.

ரவி, பதில் வந்தது. நான்தான் திருப்பி அனுப்பினேன். பத்து வருஷமாக இது உனக்கும் தெரியாது, நேற்று வரை உன் அப்பாவுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இதைப் படித்த பிறகு நான் சொல்கிற எதையாவது நீ நம்புவாயா, என்னோடு முன்போல் பேசுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த பயத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் என் பொய்யை நீ நிஜமென்று நினைத்து, இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் எடுத்துச் சொல்லி வாழ்க்கையைத் தொடங்குவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஆவடி குவார்ட்டர்ஸில் நாம் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நீ பட்டாபிராமில் காலேஜ் போய்க்கொண்டிருந்தாய். அம்பத்தூர் ஓ.டி.யில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்து வந்தாய். அட்டை பாதி இல்லை. அந்தப் பக்கம் எஸ்டேட்டில் ஏதோ கம்பெனிக்கு வந்திருந்த ஜப்பான்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னாராம். பிறகு அதே கட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏழெட்டுப் புத்தகம் வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கதைப் புத்தகம் வாங்குகிறானே என்று முதலில் எனக்கு எரிச்சல். "ஜப்பான்காரன் ரேடியோ செய்வான்னு தெரியும், கதையுமா செய்றான்?" என்று கேட்டேன். நீ அன்றைக்கு ஆரம்பித்ததுதான். நான் ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவேன், நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கதை சொல்வாய். ஜப்பானில் யாரோ எழுதி, வேறு யாரோ இங்கிலீஷில் மாற்றி, அது உன் வாய்க்கு வந்து, பத்தாம் வகுப்போடு நின்ற முத்தாபுதுப்பேட்டைக்காரியான என் காதில் நம்ம ஊர்ப் பேச்சாக விழுந்தது. "அந்தப் பொம்பள இன்னா சொல்லுதுன்னா" என்று நீ ஆரம்பித்தால் எனக்கு அவள் பக்கத்து பிளாக்கில் இருப்பவள் போலத்தான் தெரியும்.

எனக்கு அந்தக் கதைகளில் வெளிநாடு என்று ஒன்றும் தெரியவில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள், பாய் விரித்துப் படுக்கிறார்கள், மூன்று வேளையும் சோறு, மருமகள் தலையில் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள். இதைப் படிக்க இங்கிலீஷ் எதற்கு என்று உன்னைக் கேலி செய்வேன். ஒன்றுதான் பொறுக்காது. அவர்கள் யாரும் மனசில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். கோபம் வந்தால் டீ போடுவார்கள், அழுகை வந்தால் ஜன்னலைப் பார்ப்பார்கள். நம்ம குழாயடியில் அப்படி ஒருத்தி இருந்தால் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க முடியுமா? "அதுதான்மா கதையே. சொல்லாம வுட்டது எல்லாம் நமக்குப் புரியணும்" என்று நீ சொல்வாய். "எனக்குப் புரியல, நீயே சொல்லு" என்பேன். நீ மண்டையைப் பிய்த்துக்கொண்டு விளக்குவாய். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் மற்ற வேலையையெல்லாம் ஓட்டி ஓட்டி முடிப்பேன். சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், அப்போது சொல்லவில்லை.

அதில் ஒரு கதைதான் வினையாகப் போயிற்று. ஒரு வாத்தியாருடைய பெண்டாட்டி. புருஷன் மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். அவள் யாரிடமும் ஒன்றும் பேசாமல் தினமும் இரண்டு கிண்ணம் வைத்துச் சாப்பிடுகிறாள், வருஷக்கணக்கில். கடைசிப் பக்கத்தில் மழை பெய்கிறது, வாசலில் மரச் செருப்புச் சத்தம் கேட்டு நிற்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நீ புத்தகத்தை மூடிவிட்டாய். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வந்தது அவனா, வேறு யாராவதா? இத்தனை வருஷம் காத்துக் கிடந்தவள் ஏன் எழுந்திருக்கவில்லை? "பக்கத்தக் கியிச்சிட்டானா பாருடா" என்று உன்னைப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். சோறு இறங்கவில்லை. எழுதினவர் செத்துப்போய்விட்டார் என்று நீ சொன்னதும் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "எய்துனவன் பூட்டான், சரி. மாத்தி எய்துனவன் கீறான்ல? ஒவ்வொரு வார்த்தையும் அவன் கை பட்டுத்தானே வந்துச்சி. அவனுக்குத் தெரியாமயா இருக்கும்? அவனக் கேளு."

நீ சிரித்தாய், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாய். முன்னுரையின் கீழே மொழிபெயர்த்தவர் பெயரும், புத்தகத்தின் பின்னால் பதிப்பகத்தின் டோக்கியோ விலாசமும் இருந்தன. வெளிநாட்டுக்கென்று விற்கும் நீலத் தாளை போஸ்ட் ஆபீஸில் வாங்கி வந்தாய். நான்கு நாள் அதே வேலையாக இருந்தாய். இங்கிலீஷில் எழுதி, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். "என் தாயார் கேட்கிறார்" என்று ஒரு இடத்தில் வந்தது, எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கீழே விலாசம் எழுதினாய்: உன் பெயர், பிளாக் நம்பர், வீட்டு நம்பர், ஃபேக்டரி எஸ்டேட், ஆவடி. நாம் இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை. ராணுவத்துக்கு வண்டி செய்கிற ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸிலிருந்து வெளிநாட்டுக்காரனுக்கு விலாசம் போட்டுக் கடிதம் அனுப்புகிறோம் என்று பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்த உனக்கும் தோன்றவில்லை, அங்கே இருபது வருஷம் குடித்தனம் செய்த எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவு மூழ்கியிருந்தோம் அந்தக் கதையில்.

இரண்டு மாதம் போயிருக்கும். நம்ம பிளாக்குக்கு எதிர் பிளாக்கில் வெல்டர் ஒருவர் வீட்டுக்கு மச்சினர் துபாயிலிருந்து வந்தார், கூடவே ஒரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டிவந்து ஒரு ராத்திரி தங்கவைத்துவிட்டார். மறுநாள் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். செக்யூரிட்டி ஜீப் வந்து நின்றது. அந்த வீட்டில் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், ஆல்பத்தைப் பார்த்தார்கள். வெல்டரை வேறு செக்ஷனுக்கு மாற்றினார்கள், அவருக்கு வரவேண்டிய பிரமோஷன் நின்றது. அவர் மனைவி குழாயடிக்கு வருவதை விட்டுவிட்டாள். நாங்களும் அவளோடு பேசுவதை விட்டுவிட்டோம், ஒட்டிக்கொள்ளும் வியாதி போல. அது ஒரு தப்பு, அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு நடந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சூட்டோடு உன் அப்பாவுக்குப் புது செக்ஷனில் சார்ஜ்மேன் வேலை கிடைக்கிற பேச்சு வந்தது. உள்ளே போக எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நீ காலேஜில் இருந்தாய். அப்பா சாப்பிட்டுக்கொண்டே படிவத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "நம்ம ஊட்ல ஃபாரின் கான்டாக்ட் எதுனா கீதா? உன் அண்ணன் செம்பரம்பாக்கம் ஏரியத் தாண்டுனதே இல்ல, இதுல ஃபாரின் எங்கேர்ந்து வரும்?" என்று சிரித்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உன் மேல் கத்துவார் என்று பயந்தேன். இரண்டு மாதமாக வராத பதில் இனி எங்கே வரப்போகிறது என்றும் நினைத்தேன். "ஒண்ணும் இல்ல, போடு கையெய்த்து" என்றேன். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து போட்டார். நேர்மையான மனுஷன், வாழ்நாளில் ஒரு ஸ்க்ரூ கூட ஃபேக்டரியிலிருந்து எடுத்து வராதவர், நான் சொன்ன பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அவர் கையெழுத்துப் போட்டுச் சரியாகப் பதினெட்டாம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும், நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். போஸ்ட்மேன் தணிகாசலம் சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார். எப்போதும் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகிறவர், அன்றைக்கு இறங்கி நின்றார், சிரித்த முகம். "யக்கா, உன் புள்ளைக்கு ஜப்பான்லேர்ந்து ரிஜிஸ்டர் வந்துகீது. டெய்லி கேட்டுகினே கீறானே, இப்பதான் வந்துச்சி. கையெய்த்து போடு" என்றார். ஒரு கட்டு, தடியாக, பழுப்புக் காகிதம் சுற்றியது. தொட்டுப் பார்த்தால் உள்ளே புத்தகம் என்று தெரிந்தது. மேலே கலர் கலராக ஸ்டாம்பு. உன் பெயரை அழகாக எழுதியிருந்தார் அந்த மனுஷர், நம்ம வீட்டு நம்பர் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கையில் வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் தெருமுனையைப் பார்த்தேன். பால் பூத்துக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி ஜீப் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் இறங்கி வாட்ச்மேனிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதற்கு வந்தார்களோ, மாடு கட்டியிருப்பவர்களைப் பிடிக்கக்கூட வந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கட்டைத் தேடித்தான் வருகிறார்கள் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"எனக்கு வோணாம். எட்துகினு போய்டு" என்றேன். தணிகாசலத்துக்குப் புரியவில்லை. "இன்னாக்கா சொல்ற, புள்ளைக்கு வந்தது." "வோணாம்னு சொல்றேன்ல. திருப்பி அனுப்பு." அவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் குவார்ட்டர்ஸ் பழக்கம்தானே, விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அப்டின்னா ஒண்ணு பண்லாம். நா போஸ்ட் ஆபீஸ்லயே வெச்சிர்றேன். ஒரு வாரம் இருக்கும். புள்ளைய அங்க வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றார். எவ்வளவு நல்ல வழி பார். அதையும் நான் அடைத்தேன். போஸ்ட் ஆபீஸில் நிற்பவர்கள் எல்லாம் ஃபேக்டரி ஆட்கள், நீ அதை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவழியாக வருவாய், வீட்டில் வைப்பாய், அப்பா கேட்பார், அவர் கையெழுத்துப் போட்ட படிவம் ஃபேக்டரிக்குள் இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது. "நீ இப்பவே எட்துகினு போ, உன்ன கும்புட்றேன்" என்றேன். அவர் பேனாவை நீட்டினார். வாங்க மறுக்கிறோம் என்று கட்டின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். அந்த மனுஷர் அழகாக எழுதிய உன் பெயருக்குப் பக்கத்தில், கோணல் மாணலாக.

"நாளிக்கு அந்தப் புள்ள மூஞ்சில நா எப்டி முயிப்பேன்?" என்று கேட்டார் தணிகாசலம். "வர்லன்னு சொல்லு" என்றேன். கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஜீப் நம்ம வீட்டைத் தாண்டி, நிற்காமல், மெயின் ரோட்டுக்குப் போயிற்று. நான் கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. வெட்கம் அன்றைக்கு வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது.

வெட்கம் மறுநாள் வந்தது. பரீட்சை முடிந்து உனக்கு லீவு. பதினோரு மணிக்குக் கேட்டில் போய் நின்றாய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணாத்தே, எனக்கு எதுனா வந்துதா?" என்று கேட்டாய். தணிகாசலம் உன்னைப் பார்க்காமல் பையில் இருந்த கடிதங்களைப் புரட்டுவது போல் புரட்டினார். "இல்ல நைனா. வந்தா குடுக்க மாட்டனா?" என்றார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. அப்புறம் அவர் நம்ம தெருவுக்கு வருவதற்கு வேறு நேரம் பார்த்துக்கொண்டார். ஒரு நல்ல மனுஷனைப் பொய்யனாக்கினேன். பொங்கலுக்கு இனாம் கொடுக்கப் போனபோது வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்கே வேலை செய்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதையாவது சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நேற்றைக்கு ஒரு தாளை முடித்தேன், பிறகு அதைத்தான் கிழித்தேன். நீ ஒரு நாள் வந்து, "ஒருவேள லெட்டர் போயே சேரலையோ, இன்னொண்ணு போடட்டுமாம்மா?" என்று கேட்டாய். மறுபடியும் நீலத் தாள், மறுபடியும் விலாசம், மறுபடியும் ரிஜிஸ்டர். "வுடுறா. பெரிய மனுசங்க நம்மள மாரி ஆளுக்கெல்லாம் பதில் போடுவாங்களா?" என்றேன். நான்தான் சொன்னேன், ரவி. ஞாயிற்றுக்கிழமை நீ மாலாவிடம் சொன்ன வார்த்தை உன் வார்த்தை இல்லை, என்னுடையது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நீ அன்றைக்கு என்னை எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டினாய். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற தலையாட்டல். யாரோ முன்பின் தெரியாத ஒருவர், கடல் தாண்டி, ஆவடியில் கல் பொறுக்குகிற ஒருத்தியின் கேள்விக்குப் பதில் எழுதி, கூடவே புத்தகமும் வைத்து, அது தொலைந்துவிடக் கூடாதே என்று ரிஜிஸ்டர் செய்து அனுப்பினார். அவரைப் போய் மதிக்கத் தெரியாதவர் என்று உன்னை நினைக்க வைத்தேன். திரும்பி வந்த கட்டின் மேல் என் கிறுக்கலைப் பார்த்து அவர் நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பது வேறு.

அந்த வருஷம் முடிவதற்குள் நீ எல்லாப் புத்தகத்தையும் அதே கடையில் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாய். எம்.ஏ. படிக்கிறேன் என்ற பேச்சை விட்டாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தாய். எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அதுவும் ஒரு பெருமை ஆகிவிடும். வேலை பிடித்திருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் கதை சொல்வது நின்றுபோனதற்கு நான்தான் காரணம். அரிசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நீ அந்தப் பக்கம் வரமாட்டாய். வந்தாலும், "இன்னா சாம்பார்?" என்று கேட்டுவிட்டுப் போவாய். மேலதிகாரி பாராட்டினால்கூட, "சும்மா சொல்றாங்க" என்பாய். யார் உனக்கு நல்லது சொன்னாலும் நீ நம்பாமல் போகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கட்டு ஞாபகம் வரும்.

அப்பா ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சென்னீர்குப்பத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இனி ஜீப் வராது. நேற்று மத்தியானம் அவரிடம் சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா? ரூல்ல போட்டிருக்கறது சொல்லணும்னுதான். வாங்கக் கூடாதுன்னு இல்ல. புள்ள கதப் புக்கு பத்தி லெட்டர் எய்தினான், பதில் வந்துதுன்னு ஒரு பேப்பர்ல எய்திக் குடுத்தா முடிஞ்சிது. அந்த வெல்டர் சொல்லாம வெச்சிகினதாலதான் மாட்டினாரு" என்றார். எத்தனையோ பேர் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அரைத் தாள், ரவி. அப்புறம் சாப்பாடு போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து, "நம்ம பையன் கேட்டதுக்கு ஜப்பான்லேர்ந்து ஒருத்தன் பதில் போட்டான். அது எனக்குத் தெரியாமலே போச்சே" என்றார். அவர் கண் கலங்கி இதற்கு முன் நான் பார்த்தது உன் தாத்தா செத்த அன்றைக்குத்தான்.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கல்யாணம் செய்துகொள்கிற பிள்ளைக்கு அம்மா ஒன்றாவது சொல்ல வேண்டும். பயம் வருகிற நேரத்தில் தனியாக முடிவெடுக்காதே. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளைக் கேள், அவர் கத்தினாலும் பரவாயில்லை. மாலாவுக்கு நல்லது செய்கிறேன் என்று அவளுக்கு வருகிற எதையும் நீ வாசலிலேயே திருப்பி அனுப்பாதே, அவளுக்கு வந்தது அவளுடையது. அப்புறம், அவளிடம் சொன்னதை மாற்றிச் சொல். பதில் வந்தது என்று சொல். என் அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள் என்றும் சொல், என் மானத்தைப் பார்க்காதே. அந்த டோக்கியோ மனுஷர் இருக்கிறாரோ இல்லையோ, விலாசமும் நம்மிடம் இல்லை. அவருக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் பேரையாவது நம்ம வீட்டில் நேராக்கிவிடு.

இதை உன் அலமாரியில் வைத்தால் நானே எடுத்து ஒளித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் புதன்கிழமை நீ குளித்துச் சாப்பிட்ட பிறகு கையில் கொடுப்பேன். உடனே பேச வேண்டாம், எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் கல்யாணத்தன்று, திங்கட்கிழமை, ஒன்று இருக்கிறது. தாலி கட்டுவதற்கு முன்னால் அய்யர் என்னையும் அப்பாவையும் நாற்காலியில் உட்கார வைத்து, உன்னை எங்கள் காலைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடச் சொல்லுவார். சடங்குதான், எல்லோரும் செய்வார்கள். உனக்கு மனசு வரவில்லை என்றால் முன்னாலேயே ஒரு கண் ஜாடை காட்டு. பந்தியைப் பார்க்கிறேன் என்று சொல்லி நான் இறங்கிப் போய்விடுகிறேன், அப்பாவுக்கு மட்டும் செய், ஒருத்தருக்கும் தெரியாது. வருத்தம் இருக்கும், அழுவேன், ஆனால் உன் மேல் குறை சொல்ல மாட்டேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீ என் காலைத் தொட்டால் சரி, தொடாவிட்டாலும் சரி. தெரியாமல் தொட வேண்டாம்.

அம்மா